12 தோட்டா, 3 அட்டை, ஒரு 'பீப்'... 'எல் பிரசிடென்டே' துப்பாக்கி சவாலில் நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

யூடியூப் ஷார்ட்ஸிலோ இன்ஸ்டா ரீல்ஸிலோ துப்பாக்கி சுடும் வீடியோ ஒன்றைத் தெரியாமல் பார்த்துவிட்டால் போதும். அடுத்தடுத்து அதே மாதிரி வீடியோக்களாக வந்து நிற்கும். அதில் அடிக்கடி வரும் ஒன்று இது: ஒருவர் முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். 'பீப்' என்று சத்தம். சட்டெனத் திரும்புகிறார், துப்பாக்கியை உருவுகிறார், வரிசையாக நிற்கும் மூன்று அட்டைகளில் படபடவெனச் சுடுகிறார். நடுவில் மேகசினை மாற்றி மறுபடியும் சுடுகிறார். கடைசியில் திரையில் '4.9 நொடி' என்று வருகிறது. கீழே 'வேற லெவல்' என்று கமெண்ட்.

இந்தச் சவாலின் பெயர் 'எல் பிரசிடென்டே'. சுமார் அரை நூற்றாண்டாகப் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சுடுபவர்களின் தரத்தை நிர்ணயிக்கும் 'கிளாசிஃபையர்' எனப்படும் தேர்வுச் சுற்றுகளில் இதுவும் ஒன்று.

அப்படியென்றால் 4.9 நொடி என்பது உண்மையிலேயே பெரிய சாதனையா? அட்டைகள் எவ்வளவு தூரத்தில் இருந்தன, தோட்டாக்கள் எங்கே பட்டன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

இது ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் போட்டியா?

இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதையும், துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் ஒரு கையை பாக்கெட்டில் விட்டபடி சுட்ட போட்டோ வைரலானதையும் மறந்திருக்க மாட்டோம். அவர்கள் பதக்கம் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில். அதில் நின்ற இடத்தில் நின்று, ஒரே குறியை நோக்கி, நிதானமாகச் சுட வேண்டும். துல்லியம்தான் அங்கே எல்லாம்.

'எல் பிரசிடென்டே' வருவது 'பிராக்டிகல் ஷூட்டிங்' என்ற வேறு விளையாட்டில். இங்கே துல்லியத்தோடு வேகமும் சேர்ந்து மதிப்பெண்ணாகிறது. நிஜமான துப்பாக்கி, நிஜமான தோட்டா. இடுப்பு உறையிலிருந்து உருவ வேண்டும், பல குறிகளைச் சுட வேண்டும், பல சுற்றுகளில் ஓடிக்கொண்டேயும் சுட வேண்டும். இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பட்டியலிலும் இல்லை.

இதற்கான சர்வதேச அமைப்பு ஐபிஎஸ்சி, 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் உள்ள கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர், அமெரிக்க மரைன் படையின் முன்னாள் அதிகாரி. துல்லியம், வலு, வேகம் என்ற பொருள் தரும் மூன்று லத்தீன் சொற்கள்தான் அந்த அமைப்பின் முழக்கம். அமெரிக்காவில் இந்தப் போட்டிகளை நடத்துவதற்காக யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமைப்பு 1984-ல் உருவானது.

'அதிபர்' என்ற பெயர் ஏன்?

'எல் பிரசிடென்டே' என்றால் ஸ்பானிய மொழியில் 'அதிபர்'. லத்தீன் அமெரிக்க நாடு ஒன்றின் அதிபருடைய பாதுகாவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது கூப்பர் இதை வடிவமைத்ததாகச் சொல்லப்படுகிறது. பெயர் அப்படித்தான் வந்தது. 1970-களின் இறுதியில் பத்திரிகை வழியாக இது பரவலானது.

அந்தக் காலத்தில் 10 நொடிக்குள் பிசிறில்லாமல் முடித்தாலே கைதேர்ந்தவர் என்று பெயர். இன்றைய முன்னணி வீரர்கள் அதில் பாதி நேரத்தில், அதாவது 5 நொடிக்குள் முடித்துவிடுகிறார்கள். துப்பாக்கி, உறை, பயிற்சி முறை எல்லாமே மாறிவிட்டது. ஆனால் சவாலின் அடிப்படை மாறவில்லை. பழைய ஆட்களையும் புதிய ஆட்களையும் ஒப்பிட்டுப் பேச முடிவதற்கு அதுதான் காரணம்.

மேடையை எப்படி அமைக்கிறார்கள்?

இந்த விளையாட்டில் ஒவ்வொரு சுற்றையும் 'ஸ்டேஜ்' என்பார்கள். வழக்கமான ஸ்டேஜ்களை ஒவ்வொரு கிளப்பும் தன் கற்பனைக்கு ஏற்ப வடிவமைக்கலாம். கிளாசிஃபையரில் அந்தச் சுதந்திரம் கிடையாது. தலைமை அமைப்பு வெளியிட்ட வரைபடத்தில் உள்ளதை அப்படியே தரையில் கொண்டுவர வேண்டும்.

'எல் பிரசிடென்டே'வுக்குத் தேவையான பொருட்கள் ரொம்பக் குறைவு. மூன்று அட்டைக் குறிகள், அவற்றை நிறுத்த மூன்று சட்டங்கள், மரப்பட்டிகள், ஸ்டேப்ளர், அளவு டேப். பின்னால் தோட்டாக்களைத் தாங்கும் மண்மேடு. அவ்வளவுதான்.

ஒவ்வொரு அட்டையும் சுமார் 18 அங்குல அகலம், 30 அங்குல உயரம். மனித உடலின் மேல்பாதியைப் போன்ற வடிவம். அதற்குள் 'ஏ', 'சி', 'டி' என்று மண்டலங்கள் மெல்லிய கோடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உடல் பகுதியில் உள்ள 'ஏ' மண்டலம் சுமார் 6 அங்குல அகலம், 11 அங்குல உயரம் மட்டுமே. இந்தக் கோடுகள் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. 'ஏ' எங்கே இருக்கிறது என்பது சுடுபவரின் மனதில் இருக்க வேண்டும்.

அட்டைகள் சுடுபவர் நிற்கும் இடத்திலிருந்து 10 கெஜம், அதாவது சுமார் 9 மீட்டர் தூரத்தில் வரிசையாக நிற்கும். அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே சுமார் ஒரு மீட்டர் இடைவெளி. உயரமும் வரைபடத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். சுடுபவர் நிற்க வேண்டிய இடம் தரையில் குறிக்கப்பட்டிருக்கும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் சறுக்கல்களும் இங்கேதான் வரும். டேப்பை நடு அட்டைக்குப் பிடித்தார்களா, ஓர அட்டைக்குப் பிடித்தார்களா? இடைவெளியை ஓரத்திலிருந்து ஓரம் அளந்தார்களா, நடுவிலிருந்து நடு அளந்தார்களா? அட்டையே 18 அங்குல அகலம் என்பதால், ஓரத்துக்குப் பதில் நடுவை வைத்து அளந்தால் மூன்று அட்டைகளும் நெருங்கி வந்துவிடும். துப்பாக்கியை ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு நகர்த்தும் தூரமும் குறையும். தரை மேடு பள்ளமாக இருந்தால் அட்டையின் உயரமும் மாறிப்போகும்.

ஒருவர் சுட்டு முடித்ததும் அட்டையில் விழுந்த ஓட்டைகள் மீது சிறிய ஸ்டிக்கர்களை ஒட்டி மூடிவிடுவார்கள். அடுத்தவருக்கு அதே அட்டை தயார். ஒட்ட மறந்தால், எந்த ஓட்டை யாருடையது என்றே தெரியாமல் மறுபடியும் சுட வைக்க வேண்டிய நிலை வரும். அதனால் சுடாமல் காத்திருக்கும் போட்டியாளர்களே ஸ்டிக்கர் சுருளோடு ஓடி ஓடி ஒட்டுவது இங்கே எழுதப்படாத கடமை.

சுடுபவர் வந்து நின்றதும் என்ன நடக்கும்?

ரேஞ்ச் ஆபீசர் என்ற நடுவர் டைமரோடு கூடவே நிற்பார். கண்ணாடியும் காது மூடியும் எல்லோருக்கும் கட்டாயம். அவர் உத்தரவு கொடுக்கும் வரை துப்பாக்கியைத் தொடக்கூடாது. 'தயார் செய்துகொள்ளுங்கள்' என்றதும், குறிகள் இருக்கும் திசையைப் பார்த்தபடியே தோட்டா நிரப்பி உறையில் வைக்க வேண்டும்.

அதன் பிறகுதான் முதுகைக் காட்டி நிற்பது. மணிக்கட்டு இரண்டும் தோளுக்கு மேலே இருக்க வேண்டும். 'தயாரா?' என்ற கேள்வி. 'ஸ்டாண்ட் பை' என்ற எச்சரிக்கை. சில நொடிகளில் 'பீப்'. அது எப்போது வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியாதபடி டைமர் நேரத்தை மாற்றி மாற்றி ஒலிக்கும்.

பீப் கேட்டதும் திரும்பி, உருவி, மூன்று அட்டைகளிலும் தலா 2 தோட்டா. மேகசினை மாற்றி மறுபடியும் தலா 2. மொத்தம் 12. இதை வெறும் 12 தோட்டாவில் முடிக்க வேண்டும். சரியாகப் படவில்லையே என்று கூடுதலாக ஒன்று சுட்டால் தண்டப் புள்ளி. மேகசின் மாற்ற மறந்தாலும் தண்டம்.

டைமர் தோட்டாச் சத்தத்தைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் நேரம் பதிவு செய்யும். கடைசித் தோட்டாவின் நேரம்தான் கணக்கு. முடிந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து நடுவரிடம் காட்டி, உறையில் வைத்த பிறகே 'ரேஞ்ச் கிளியர்' அறிவிப்பு வரும். அதுவரை ஒருவரும் அட்டைகள் பக்கம் போக முடியாது.

அந்த 6 நொடி எங்கே போகிறது?

நன்றாகச் சுடும் ஒருவர் 6 நொடியில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

• திரும்பி, உருவி, முதல் தோட்டா: 1.6 நொடி
• அடுத்த 5 தோட்டாக்கள்: 1.4 நொடி
• மேகசின் மாற்றி 7-வது தோட்டா: 1.5 நொடி
• கடைசி 5 தோட்டாக்கள்: 1.5 நொடி

பாதிக்கு மேற்பட்ட நேரம் விசையை இழுப்பதில் போகவில்லை. திரும்புவது, உருவுவது, மேகசின் மாற்றுவது ஆகியவற்றிலேயே 3.1 நொடி போய்விடுகிறது. அனுபவசாலிகள் வீட்டில் தோட்டாவே இல்லாமல் இந்த அசைவுகளை மணிக்கணக்கில் பழகுவது இதனால்தான்.

மதிப்பெண் கணக்கு என்ன?

'ஏ' மண்டலத்தில் பட்டால் 5 புள்ளி. 'சி' என்றால் 3. 'டி' என்றால் 1. ஓட்டையின் விளிம்பு உயர்ந்த மண்டலத்தின் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைக்கும். அட்டையிலேயே படாமல் போனால் அந்தப் புள்ளி கிடைக்காது, கூடவே 10 புள்ளி கழியும். 12 தோட்டாவும் 'ஏ'வில் விழுந்தால் 60 புள்ளி. அதுதான் உச்சம்.

இப்போது முக்கியமான கட்டம். மொத்தப் புள்ளியை நேரத்தால் வகுக்க வேண்டும். வரும் விடைக்கு 'ஹிட் ஃபேக்டர்' என்று பெயர். ஒரு நொடிக்கு எத்தனை புள்ளி எடுத்தார் என்பதே இதன் பொருள். மூன்று பேரை ஒப்பிடலாம்:

• முதல் ஆள்: 12-ம் 'ஏ'. 60 புள்ளி, 6 நொடி. ஹிட் ஃபேக்டர் 10.00
• இரண்டாவது ஆள்: 8 'ஏ', 4 'சி'. 52 புள்ளி, 5 நொடி. ஹிட் ஃபேக்டர் 10.40
• மூன்றாவது ஆள்: 9 'ஏ', 2 'சி', ஒன்று தவறியது. 41 புள்ளி, 4.8 நொடி. ஹிட் ஃபேக்டர் 8.54

வேகமானவர் மூன்றாவது ஆள். ஆனால் கடைசி இடம் அவருக்குத்தான். ஒரே ஒரு தோட்டா தவறியதில் எல்லாம் போய்விட்டது. அதேபோல் ஒன்றுகூட 'ஏ'வை விட்டு விலகாத முதல் ஆளும் ஜெயிக்கவில்லை. கொஞ்சம் துல்லியத்தை விட்டுக்கொடுத்து ஒரு நொடியை மிச்சம் பிடித்தவரே முதலிடம்.

ஹிட் ஃபேக்டர் 10 அளவில் சுடும் ஒருவருக்கு ஒரு நொடியின் மதிப்பு 10 புள்ளி. 'ஏ'வுக்கும் 'சி'க்கும் வித்தியாசம் 2 புள்ளி, அதாவது 0.2 நொடி. குறியைச் சரிசெய்ய 0.2 நொடிக்கு மேல் செலவாகுமென்றால், அந்த 'சி'யை ஏற்றுக்கொண்டு நகர்வதே லாபம். ஹிட் ஃபேக்டர் 5 அளவில் சுடுபவருக்கு இதே வித்தியாசம் 0.4 நொடி. அவர் இன்னும் கொஞ்சம் நிதானிக்கலாம். யார் எவ்வளவு அவசரப்படலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

'மேஜர்', 'மைனர்' என்பது என்ன?

மேலே சொன்னது 'மைனர்' கணக்கு. தோட்டாவின் வலுவைப் பொறுத்து இது மாறும். தோட்டாவின் எடையை 'கிரெய்ன்' அளவிலும், வேகத்தை நொடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுப்பார்கள். யுஎஸ்பிஎஸ்ஏ விதிப்படி குறைந்தது 125 வந்தால் 'மைனர்'. 165 வந்தால் 'மேஜர்'. எல்லாத் துப்பாக்கிப் பிரிவுகளிலும் 'மேஜர்' கணக்கு கிடையாது.

'மேஜர்' என்றால் 'சி'க்கு 4 புள்ளி, 'டி'க்கு 2 புள்ளி. அதிக உதைப்பைச் சமாளிப்பதற்கான சலுகை இது. நம் இரண்டாவது ஆள் 'மேஜர்' தோட்டாவில் சுட்டிருந்தால் 56 புள்ளி, ஹிட் ஃபேக்டர் 11.20. நேரமும் ஓட்டைகளும் அதேதான், ஆனால் முடிவு வேறு. பெரிய போட்டிகளில் போட்டியாளரின் தோட்டாக்களை வாங்கி, வேகமானியில் சுட்டுப் பார்த்தே இதை உறுதி செய்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது?

ஒவ்வொரு கிளாசிஃபையருக்கும் ஒவ்வொரு துப்பாக்கிப் பிரிவுக்கும் ஓர் உச்ச ஹிட் ஃபேக்டரை தலைமை அமைப்பு வைத்திருக்கிறது. அதில் நீங்கள் எத்தனை சதவீதம் எடுத்தீர்கள் என்பதே உங்கள் மதிப்பெண். சமீபத்திய 8 மதிப்பெண்களில் சிறந்த 6-ன் சராசரி உங்கள் தரத்தை முடிவு செய்யும். 95% தாண்டினால் 'கிராண்ட் மாஸ்டர்'. 85-க்கு மேல் 'மாஸ்டர்'. 75-க்கு மேல் 'ஏ' தரம், 60-க்கு மேல் 'பி', 40-க்கு மேல் 'சி', அதற்குக் கீழே 'டி'.

உதாரணத்துக்கு உச்ச ஹிட் ஃபேக்டர் 10 என்று வைத்துக்கொள்வோம். 60 புள்ளியை 8.1 நொடியில் எடுத்தவருக்கு 74%. அது 'பி' தர மதிப்பெண். அதே 60 புள்ளியை 7.9 நொடியில் எடுத்தவருக்கு கிட்டத்தட்ட 76%. அது 'ஏ' தர மதிப்பெண். நடுவில் இருப்பது வெறும் 0.2 நொடி.

இப்போது அந்த அளவு டேப்புக்குத் திரும்புவோம். ஒரு கிளப்பில் அட்டைகள் ஒரு கெஜம் முன்னால் நிற்கின்றன, இடைவெளியும் கொஞ்சம் குறைவு என்றால், அந்த 0.2 நொடி சுடுபவரின் திறமையால் வந்ததா, மேடை அமைத்தவரின் கவனக்குறைவால் வந்ததா? மதிப்பெண் பட்டியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வேறு மாகாணத்தில் சரியான தூரத்தில் சுட்டவரின் எண்ணும் இந்த எண்ணும் ஒரே பட்டியலில் சமமாக உட்கார்ந்துவிடும்.

வேண்டுமென்றே நடக்கும் தில்லுமுல்லும் உண்டு. கிளாசிஃபையரில் மெதுவாகச் சுட்டு, தெரிந்தே கீழ்த்தரத்தில் தங்கிக்கொண்டு, பெரிய போட்டியில் அந்தத் தரத்துக்கான பரிசைத் தட்டிச்செல்வது ஒரு வகை. இன்னொரு பக்கம், கிளாசிஃபையர்களை மட்டும் திரும்பத் திரும்பப் பழகி உயர்ந்த தரம் வாங்கிவிட்டு, பெரிய போட்டிகளில் திணறுபவர்கள். இவர்களை 'பேப்பர் கிராண்ட் மாஸ்டர்' என்று கிண்டல் செய்கிறார்கள்.

இந்தப் போட்டிகளில் பெரும்பாலானவை உள்ளூர் கிளப்புகளில், தன்னார்வலர்கள் காலையில் வந்து மேடை அமைத்து நடத்துபவை. எல்லா இடத்துக்கும் தலைமை அமைப்பு ஆள் அனுப்பிச் சோதிக்க முடியாது. நாடு முழுவதற்குமான தரவரிசை ஒவ்வொரு கிளப்பின் நேர்மையையும் நம்பித்தான் நிற்கிறது.

பாதுகாப்பு விதிகள் எவ்வளவு கறார்?

'எல் பிரசிடென்டே'யில் இருக்கும் பெரிய ஆபத்து அந்தத் திரும்புதல்தான். சுடுபவருக்கு எதிரே நடுவரும் மற்ற போட்டியாளர்களும் நிற்கிறார்கள். குறிகள் இருப்பது முதுகுப் பக்கம். அவசரத்தில் திரும்பும்போதே துப்பாக்கியை உருவினால் குழல் ஆட்கள் பக்கம் போகும். அதனால் உடல் முழுவதும் குறிகளை நோக்கித் திரும்பிய பிறகே துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரலாம்.

குழல் எந்த நேரத்திலும் குறிகளின் திசையிலிருந்து இடமோ வலமோ 90 டிகிரியைத் தாண்டக்கூடாது. இதை '180 டிகிரி விதி' என்பார்கள். தாண்டினால் எச்சரிக்கை எல்லாம் கிடையாது, மொத்தப் போட்டியிலிருந்தும் உடனடி வெளியேற்றம். தோட்டா நிரப்பிய துப்பாக்கி கைநழுவி விழுந்தாலும், மேகசின் மாற்றும்போது விரல் விசைக்கூட்டுக்குள் இருந்தாலும் அதே தண்டனைதான். உலக சாம்பியனாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை.

இந்தியாவில் இதைச் சுட முடியுமா?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் தரும் உரிமை. இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அது உரிமம் பெற்றால் மட்டுமே கிடைக்கும் அனுமதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் அதிகபட்சம் 2 துப்பாக்கி மட்டுமே வைத்திருக்கலாம். இந்த விளையாட்டில் அதிகம் பயன்படும் 9 எம்.எம். வகை, இங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவுகளில் ஒன்று. எனவே வீடியோவைப் பார்த்துவிட்டு நாமும் முயன்று பார்க்கலாம் என்று இறங்கக்கூடிய விஷயம் இல்லை இது. துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் இருப்பவர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப்பில் ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிளில் தொடங்குவதே இங்கே சட்டப்படியான எளிய வழி.

அடுத்த முறை இப்படி வீடியோ வந்தால் எதைக் கவனிப்பது?

• அட்டைகள் எவ்வளவு தூரத்தில் என்று சொல்கிறார்களா? 10 கெஜத்துக்குப் பதில் 5 கெஜம் என்றால் அது வேறு சவால்.
• முதுகைக் காட்டி, கைகளைத் தூக்கி நின்றாரா? குறியைப் பார்த்தபடியே தொடங்கினால் நேரம் தானாகக் குறையும்.
• மேகசின் மாற்றினாரா, மொத்தம் 12 தோட்டாதானா?
• முடிந்ததும் கேமரா அட்டைகளின் பக்கத்தில் போகிறதா? இது ரொம்ப முக்கியம். ஓட்டைகளைக் காட்டாத வீடியோவில் 4.9 நொடி என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.
• பல முயற்சிகளில் நன்றாக வந்த ஒன்றை மட்டும் வெட்டிப் போட்டார்களா? போட்டியில் வாய்ப்பு ஒருமுறைதான்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தால், அந்த 4.9 நொடியை தாராளமாகப் பாராட்டலாம். பதில் இல்லாத பட்சத்தில், வேகமாகச் சுட்டார் என்பது மட்டுமே தெரியும். எவ்வளவு நன்றாகச் சுட்டார் என்பதை டைமர் சொல்லாது. அதற்கு அட்டையைப் பார்க்க வேண்டும், தூரத்தையும் டேப் போட்டு அளந்திருக்க வேண்டும்.